பார்க்காத பறவைகளை எண்ணுவது எப்படி?

பறவை பார்ப்பவர்கள் பலரிடம் ஒரு பழக்கம் உண்டு. ஜனவரி முதல் தேதி விடிந்ததும் புது நோட்டு ஒன்றைப் பிரித்து, அந்த ஆண்டுக்கான கணக்கை ஒன்றிலிருந்து தொடங்குவார்கள். ஆயிரம் தடவை பார்த்த காகமானாலும் அன்றைக்கு அது முதல் பறவை. அடுத்தது மைனா. அப்புறம் மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் கரிச்சான். டிசம்பர் 31 இருட்டும் வரை எத்தனை வகைப் பறவைகள் கண்ணில் பட்டனவோ அதுதான் அந்த ஆண்டின் பட்டியல். மறுநாள் எல்லாம் அழிந்து மீண்டும் காகத்திலிருந்து ஆரம்பம்.

இந்தப் பட்டியல் போட்டவர்கள் எல்லோரும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். முதல் வாரத்தில் எண்ணிக்கை பாய்ந்து ஏறும். பொங்கலுக்குள் பட்டியலில் பாதி நிரம்பினாலும் வியப்பில்லை. பிப்ரவரியில் வேகம் தணியும். மார்ச் கடைசியில், காலை முழுக்கக் கால் வலிக்க நடந்தாலும் ஒரு வரிகூடச் சேராது.

அந்த நேரத்தில் இரண்டு கேள்விகள் எழும். பட்டியல் ஏன் இப்படி நொண்டுகிறது? நான் பார்க்காமல் விட்டவை இன்னும் எத்தனை?

முதல் கேள்விக்கு யோசித்தால் விடை கிடைக்கும். இரண்டாவது கேள்வி அபத்தமாகத் தோன்றும். பார்த்ததை எண்ணலாம், பார்க்காததை எப்படி எண்ணுவது? ஆனால் எண்ண முடியும். அதற்கு வேண்டிய தகவல், பார்த்தவற்றின் கணக்குக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது.

உலகத்துக்குக் கணக்கு உண்டு, ஊர் ஏரிக்கு இல்லை

ஆண்டுப் பட்டியலை உலகம் முழுவதற்கும் போட்டவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்கரான நோவா ஸ்ட்ரைக்கர் 2015 ஜனவரி முதல் தேதி அண்டார்டிகாவில் தொடங்கினார். ஏழு கண்டங்களையும் சுற்றி, டிசம்பர் முடியும்போது அவர் பார்த்திருந்தவை 6,042 வகைப் பறவைகள். அடுத்த ஆண்டே நெதர்லாந்துக்காரர் அர்யான் ட்வார்ஷாய்ஸ் 6,800-ஐத் தாண்டி அந்தச் சாதனையை முறியடித்தார்.

இவர்களுக்கு ஒரு வசதி இருந்தது. உலகில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பறவை வகைகள் உண்டு என்பதை அறிஞர்கள் ஏற்கெனவே தொகுத்து வைத்திருக்கிறார்கள். பார்த்ததைக் கழித்தால் பாக்கி தெரிந்துவிடும். நம் ஊர் ஏரிக்கு அப்படி ஒரு தொகை யாரும் எழுதி வைக்கவில்லை. எந்த எண்ணிலிருந்து கழிப்பது என்றே தெரியாதபோது பாக்கியைக் கண்டுபிடிப்பதுதான் நம் புதிர்.

ஏறுகோடு

ஒரு தாளில் கீழே நாட்களையும் பக்கவாட்டில் பட்டியலின் எண்ணிக்கையையும் குறித்துப் புள்ளிகளை இணைத்தால் ஒரு கோடு கிடைக்கும். அதை ஏறுகோடு என்று சொல்லிக்கொள்வோம். தொடக்கத்தில் செங்குத்தாக எழும். போகப் போகச் சாய்ந்து, கடைசியில் கிட்டத்தட்டப் படுத்துவிடும். பறவைக்கு மட்டுமல்ல, பூச்சிக்கும் மரத்துக்கும் மீனுக்கும் இதே வடிவம்தான் வருகிறது.

காரணம் இயற்கையின் பங்கீடு. எந்த ஊரிலும் சில வகைகள் மிகப் பெருவாரியாக இருக்கும்: காகம், மைனா, மாடப்புறா, தவிட்டுக்குருவி. நடுத்தரமாகக் கொஞ்சம். மிச்சமுள்ள நிறைய வகைகள் அரிதானவை. வகைக்கு ஒன்றோ இரண்டோதான் அந்த வட்டாரத்திலேயே இருக்கும். முதல் சில காலைகளில் பெருவாரியானவை எல்லாம் ஒட்டுமொத்தமாகப் பட்டியலில் ஏறிவிடும். பிறகு பாக்கி நிற்பவை அரியவை மட்டும். அவற்றைப் பார்க்க, அவை இருக்கும் இடத்தில் அவை வெளிப்படும் நேரத்தில் நாமும் இருக்க வேண்டும்.

முதல் கேள்வி இத்துடன் முடிந்தது. இனி இரண்டாவது.

மலாயா வண்ணத்துப்பூச்சிகள்

இந்தக் கேள்விக்கு முதலில் விடை தேடியவர்களில் ஒருவர் பறவை பார்த்தவர் அல்லர், வண்ணத்துப்பூச்சி பிடித்தவர். ஸ்டீவன் கார்பெட் என்ற ஆங்கிலேயர் மலாயாவில் வண்ணத்துப்பூச்சிகளைச் சேகரித்தார். சேகரித்தவற்றை வகை வாரியாகப் பிரித்தபோது, 118 வகைகளில் தலா ஒரே ஒரு பூச்சிதான் அவரிடம் இருந்தது. 74 வகைகளில் இரண்டிரண்டு. 44 வகைகளில் மும்மூன்று. இப்படியே வரிசை நீண்டது.

இதே அளவு உழைப்பை இன்னொரு தடவை போட்டால் எத்தனை புது வகைகள் கிடைக்கும் என்பது கேள்வி. புள்ளியியலின் முன்னோடியான ரொனால்ட் ஃபிஷர் இந்தக் கணக்கைக் கையில் எடுத்தார். 1943இல் ஃபிஷர், கார்பெட் இருவரோடு வில்லியம்ஸ் என்பவர் பெயரும் சேர்ந்து கட்டுரை வெளிவந்தது. 1956இல் குட், டூல்மின் என்ற இருவர் இதற்கு வியக்கத்தக்க எளிய வழி ஒன்றைச் சொன்னார்கள். ஒருமுறை கிடைத்தவற்றைக் கூட்டு, இருமுறை கிடைத்தவற்றைக் கழி, மும்முறை கிடைத்தவற்றைக் கூட்டு, நான்முறை கிடைத்தவற்றைக் கழி என்று போய்க்கொண்டே இரு. கார்பெட்டின் வரிசையில் 24 முறை கிடைத்தவை வரை இப்படிச் செய்தால் வருவது 75. அதாவது, மறுபடியும் அவ்வளவு பாடுபட்டால் சுமார் 75 புது வகைகளை எதிர்பார்க்கலாம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். கணக்கைத் தொடங்கி வைப்பது, ஒரே ஒருமுறை கிடைத்த 118. அரிதாகப் பார்த்தவைதான் பார்க்காதவற்றுக்குச் சாட்சி. ஒரு டீக்கடையில் பத்து நாள் உட்கார்ந்திருக்கிறீர்கள். வந்தவர்கள் எல்லோரையும் பலமுறை பார்த்துவிட்டீர்கள் என்றால் அந்தக் கடையின் வாடிக்கையாளர்கள் அவ்வளவுதான். பத்தாம் நாளும் ஒருமுறை மட்டுமே பார்த்த முகங்கள் ஏராளம் என்றால், நீங்கள் பார்க்காத முகங்களும் ஏராளம்.

ஒரு நோட்டைப் பிரித்துப் பார்ப்போம்

சென்னையின் தென்பகுதியில் குடியிருக்கும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். பள்ளிக்கரணைச் சதுப்புநிலம், நன்மங்கலம் காடு, அடையாறு முகத்துவாரம் என்று மாறி மாறிப் போகிறார். ஆண்டில் 80 காலைகள். ஒவ்வொரு காலையும் பார்த்த எல்லா வகைகளையும், காகம் உட்பட, எழுதிவிடுகிறார். சராசரியாக ஒரு காலைக்கு 30 வகைகள். ஆக, ஆண்டு முடிவில் நோட்டில் 2,400 பதிவுகள்; ஆனால் வகைகள் 120 மட்டுமே. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று எண்களை முழுமையாக்கியிருக்கிறேன்.

இப்போது ஒவ்வொரு வகைக்கும் எத்தனை காலைகளில் பார்த்தார் என்று எண்ணுகிறார். காகம் 80 காலைகளிலும் உண்டு. நாமக்கோழியும் நீலத் தாழைக்கோழியும் பள்ளிக்கரணைக்குப் போன நாட்களில் எல்லாம் உண்டு. இறங்கிக்கொண்டே போனால், 16 வகைகளை இரண்டே காலைகளில் பார்த்திருக்கிறார். 24 வகைகளை ஒரே ஒரு காலையில். இந்த 24-ஐ ஒற்றைகள் என்றும் அந்த 16-ஐ இரட்டைகள் என்றும் அழைப்போம். நமக்கு வேண்டியவை இவை இரண்டும்தான்.

அடுத்தது புதிதாக இருக்குமா?

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரின் எனிக்மா ரகசியக் குறியீட்டை உடைக்க, பிளெட்ச்லி பார்க்கில் ஆலன் ட்யூரிங்கும் அவருடைய உதவியாளர் ஜாக் குட்டும் (மேலே சொன்ன குட் இவர்தான்) வேலை செய்தார்கள். இதுவரை ஒருமுறைகூடக் காணாத ஒன்று அடுத்து வருவதற்கு எவ்வளவு வாய்ப்பு என்ற கேள்வி அங்கே எழுந்தது. ட்யூரிங் கண்ட விடையை வளர்த்தெடுத்து, போர் முடிந்தபின் 1953இல் குட் வெளியிட்டார்.

அந்த யோசனையை நம் நோட்டிலேயே செய்து பார்க்கலாம். 2,400 பதிவுகளையும் தனித்தனித் துண்டுச்சீட்டுகளில் எழுதிக் குவித்து வைப்போம். கண்ணை மூடிக்கொண்டு ஒரு சீட்டை எடுப்போம். அதில் உள்ள பறவை, மீதமுள்ள 2,399 சீட்டுகளில் வேறெங்காவது இருக்கிறதா? காகச் சீட்டு வந்தால் இன்னும் 79 காகச் சீட்டுகள் குவியலில் உண்டு. இரட்டை வந்தால்கூட அதன் ஜோடி உள்ளே கிடக்கும். குவியலில் வேறெங்கும் இல்லாத பறவை என்றால் அது ஒற்றை மட்டும்தான். அப்படிப்பட்ட சீட்டுகள் 24.

அதாவது, கையில் எடுத்த சீட்டு மற்றவற்றுக்குப் புதிதாக இருக்கும் வாய்ப்பு 2,400-க்கு 24, நூற்றுக்கு ஒன்று. இனிமேல் எழுதப்போகும் சீட்டுக்கும் ஏறக்குறைய இதுவே பொருந்தும். காலைக்கு 30 பதிவுகள் என்றால், மூன்று காலைகள் நடந்தால் சுமாராக ஒரு புதுப் பறவை.

இதே கணக்கை ஜனவரியில் போட்டிருந்தால்? ஐந்து காலைகளில் 150 பதிவுகள், அவற்றில் ஒற்றைகள் 30 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்துக்கு ஒன்று. அடுத்த காலையில் மட்டும் ஆறு புதுப் பறவைகளை எதிர்பார்க்கலாம். காலைக்கு ஆறு என்று ஓடிய பட்டியல், மூன்று காலைக்கு ஒன்று என்று தேய்வதை இந்த ஒரே வகுத்தல் சொல்லிவிடுகிறது.

மொத்தம் எத்தனை பாக்கி?

அடுத்த பறவையின் வாய்ப்பு தெரிந்துவிட்டது. பார்க்காதவற்றின் தொகை? அதற்கு 1984இல் தைவான் நாட்டுப் புள்ளியியல் அறிஞர் ஆன் சாவ் ஒரு வழி சொன்னார்.

முதலில் ஒரு தனிக் கணக்கு. ஆண்டுக்குச் சராசரியாக ஒருமுறை கண்ணில் படும் அளவுக்கு அரிதான 100 வகைப் பறவைகள் இருப்பதாகக் கொள்வோம். சராசரி ஒன்று என்பதால் நூற்றையும் தலா ஒருமுறை பார்த்துவிடுவோமா? இல்லை. அரிய நிகழ்ச்சிகளைப் பற்றி 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணிதவியலாளர் பாய்சான் காட்டிய ஒழுங்கின்படி, ஏறத்தாழ 37 வகைகள் ஒருமுறை படும். 18 வகைகள் இருமுறை படும். 8 வகைகள் அதற்கும் மேல் படும். மீதி 37 வகைகள் கண்ணிலேயே படாது. முயற்சியில் எந்தக் குறையும் வைக்காமலேயே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தவறிப்போகும்.

இந்த எண்களில் ஓர் உறவு இருக்கிறது. ஒற்றைகள் இரட்டைகளைப் போல் இரண்டு மடங்கு (37, 18). காணாதவை ஒற்றைகளைப் போல் ஒரு மடங்கு (37, 37). இரண்டில் பாதி ஒன்று. பறவைகள் இன்னும் அரிதானாலும் அரிது குறைந்தாலும் இந்தப் ‘பாதி’ மாறுவதில்லை. ஒற்றைகள் இரட்டைகளைப் போல் எத்தனை மடங்கோ, அதில் பாதி மடங்குதான் காணாதவை ஒற்றைகளுக்கு.

நம் நோட்டுக்கு வருவோம். ஒற்றைகள் 24, இரட்டைகள் 16, ஒன்றரை மடங்கு. அதில் பாதி, முக்கால். 24இல் முக்கால் 18. ஆக, நம் சென்னைக்காரர் போன பாதைகளில் அவர் கண்ணில் படாமல் போனவை குறைந்தது 18 வகைகள். மொத்தம் 138 வகைகளுக்கு அவருக்குக் கிடைத்தது 120.

‘குறைந்தது’ என்ற சொல்லை விட்டுவிடக் கூடாது. எல்லா அரிய பறவைகளும் ஒரே அளவுக்கு அரியவை என்று கொண்டுதான் பதினெட்டு வந்தது. உண்மையில் ஐம்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை வழிதவறி வரும் பறவையும் உண்டு. அவை ஒற்றைகளாகக்கூடத் தடம் பதிக்காது. அதனால் உண்மைத் தொகை இதற்கு மேலே இருக்கலாம், கீழே இருப்பது அரிது. ஆன் சாவ் தந்தது ஓர் அடித்தளம்.

பறவைக்கும் நாட்காட்டி உண்டு

இந்தக் கணக்குகள் எல்லாம் ஒரு நிபந்தனையின் பேரில் நிற்கின்றன: நாளைய காலையும் நேற்றைய காலையைப் போலவே இருக்க வேண்டும். பறவைகள் அதை மதிப்பதில்லை.

ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் குளிர்காலத்தில் மட்டும் நம் நீர்நிலைகளில் இருக்கும். சாம்பல் வாலாட்டி, பழுப்புக் கீச்சான் போன்றவையும் அப்படித்தான். செப்டம்பர், அக்டோபரில் வந்து சேரும் இந்த வலசைப் பறவைகள் மார்ச், ஏப்ரலில் வடக்கே திரும்பிவிடும். இதனால் ஜனவரி முதல் தேதி என்பது பட்டியல் போடுபவருக்கு அடித்த அதிர்ஷ்டம். உள்ளூர்ப் பறவைகளும் விருந்தாளிகளும் ஒன்றாகக் கூடியிருக்கும் நேரத்தில் கணக்கு தொடங்குகிறது. ஏறுகோடு அவ்வளவு செங்குத்தாக எழுவதற்கு இது இன்னொரு காரணம். ஜூன் முதல் தேதி தொடங்கிப் பாருங்கள்; கோடு மெல்ல ஏறி, அக்டோபரில் திடீரென்று ஒரு படி தாவும்.

ஆகவே ஏப்ரலில் ‘இனி புதிதாக எதுவும் வராது’ என்று கணக்கு சொன்னால், அது ஏப்ரல் வரையிலான உலகத்துக்கு மட்டுமே செல்லும். அக்டோபரில் ஆறுமணிக் குருவி வந்து இறங்கும். காலையும் மாலையும் ஆறு மணியை ஒட்டிக் கூவுவதால் அந்தப் பெயர். வடக்கே இனப்பெருக்கம் செய்துவிட்டுத் தெற்கே பயணப்படும் இது, வழியில் களைத்துப்போய் நகரத்து வீட்டுத் தோட்டங்களில்கூடத் தங்கும். பச்சை முதுகு, மங்கிய மஞ்சள் மார்பு, வாலடியில் குங்குமச் சிவப்பு. இவ்வளவு நிறம் இருந்தும், சருகுகளைக் கிளறிக்கொண்டு தரையில் ஒதுங்கியிருக்கும்போது பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியாது. பட்டியலில் ஒற்றையாக நிற்பதற்கென்றே பிறந்த பறவை.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. நம் சென்னைக்காரர் காலையில் மட்டும் போகிறார். அவருடைய ஒற்றைகளைப் பார்த்தால் கூகை இருக்கலாம், பக்கி இருக்கலாம். இவை அரிய பறவைகள் என்று பொருளல்ல. அவை விழித்திருக்கும் நேரத்தில் அவர் வீட்டில் இருக்கிறார் என்று பொருள். ஒற்றைகளின் பட்டியலை ஒருமுறை ஊன்றிப் படித்தால் பறவைகளின் அருமையோடு பார்ப்பவரின் வழக்கங்களும் தெரியவரும். ஒற்றைகளில் பாதி உள்ளான் வகைகள் என்றால் சேற்றுத் திட்டுகளுக்கு அவர் போதிய அளவு போகவில்லை. பாதி இரவாடிகள் என்றால் டார்ச்சு வாங்க வேண்டிய நேரம்.

காகத்தை ஏன் தினமும் எழுத வேண்டும்?

பெரும்பாலான ஆண்டுப் பட்டியல்களில் ஒவ்வொரு வகைக்கும் ஒரே ஒரு தேதிதான் இருக்கும், முதலில் பார்த்த தேதி. போட்டிக்கு அது போதும். ஆனால் மேலே போட்ட கணக்கு எதையும் அந்தப் பட்டியலை வைத்துப் போட முடியாது. எது ஒற்றை, எது இரட்டை என்று அதில் தெரியாது. ஒவ்வொரு காலையும் கண்ட எல்லா வகைகளையும் ஒன்றுவிடாமல் எழுதிய முழுப்பட்டியல் இருந்தால்தான் கணக்கே ஓடும்.

முழுப்பட்டியலுக்கு இன்னொரு பலம் உண்டு. அதில் இல்லாததும் ஒரு தகவல். இரண்டு மணி நேரம் நடந்து, பார்த்த எல்லாவற்றையும் எழுதிய பட்டியலில் பனங்காடை இல்லை என்றால், அன்று அங்கே பனங்காடை கண்ணில் படவில்லை என்று உறுதியாகச் சொல்லலாம். விரும்பியதை மட்டும் எழுதிய பட்டியலில் ‘இல்லை’ என்பதற்கு எந்தப் பொருளும் கிடையாது.

இந்தியாவில் 2023இல் வெளியான ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை இப்படிப்பட்ட பட்டியல்களின் மேல் எழுந்ததுதான். 30,000-க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் இ-பேர்ட் என்ற இணையதளத்தில் சேர்த்த சுமார் 3 கோடி பதிவுகளைக் கொண்டு 942 வகைகளின் நிலையை ஆராய்ந்தார்கள். நூறு பட்டியல்களில் எத்தனையில் ஒரு பறவை இடம்பெறுகிறது, அந்த விகிதம் ஆண்டுக்கு ஆண்டு எப்படி மாறுகிறது என்பதே அடிப்படை அளவுகோல். நீண்டகாலப் போக்கைக் கணிக்கும் அளவுக்குத் தரவு இருந்தவை 338 வகைகள். அவற்றில் 204 குறைந்திருக்கின்றன. மயில் போன்ற சில பெருகியிருக்கின்றன. தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பும் இந்தக் களஞ்சியத்துக்குச் சேரும் ஒரு பங்கு.

குறைந்துவருபவற்றில் பனங்காடையும் ஒன்று. வயல்வெளி மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும். இறக்கையை விரித்ததும் நீலம் பளிச்சிடும். ஒருவர் ஆண்டுதோறும் 80 காலைகள் நடக்கிறார் என்றும், பத்து ஆண்டுகளுக்கு முன் அவற்றில் 40 காலைகளில் பனங்காடையைப் பார்த்தார் என்றும், இப்போது 20 காலைகளில்தான் பார்க்கிறார் என்றும் வைத்துக்கொள்வோம். அவருடைய ஆண்டுப் பட்டியல் என்ன சொல்லும்? பத்து ஆண்டுகளும் ‘பனங்காடை: உண்டு’ என்றே சொல்லும். பாதியாகக் குறைந்தது அதற்குத் தெரியாது. இரட்டையாகி, ஒற்றையாகி, ஒருநாள் அடியோடு காணாமல் போன பிறகுதான் அந்தப் பட்டியலில் ஓர் எண் குறையும். அதற்குள் காலம் கடந்திருக்கும்.

எனவே இந்த ஆண்டு நோட்டில் ஒரு பத்தியைக் கூடுதலாகப் போடுங்கள். முதலில் பார்த்த தேதிக்குப் பக்கத்தில், எத்தனை காலைகளில் பார்த்தீர்கள் என்ற எண். டிசம்பர் கடைசியில் ஒற்றைகளை இரட்டைகளோடு ஒப்பிட்டால், தவறவிட்டவை குறைந்தது எத்தனை என்று தெரியும். பெரிய எண்களைப் போன ஆண்டின் எண்களோடு ஒப்பிட்டால், ஊரில் எது தேய்ந்துகொண்டிருக்கிறது என்று தெரியும். இரண்டுக்கும் கருவி ஒன்றுதான்: காகத்தையும் சலிக்காமல் எழுதிய நோட்டு.